எழுத்து ஒரு திகதி, தாலி ஒரு திகதி: கனடா வாழ்க்கைத்துணை விண்ணப்பத்தில் எது திருமண நாள்?

தென்மராட்சி_மகள்
2025 ஜூன் 14

அனைவருக்கும் வணக்கம். சாவகச்சேரியில் இருந்து எழுதுகிறேன். என் கணவர் சிறு வயதில் பெற்றோருடன் கனடாவுக்குப் போய் அங்கேயே குடியுரிமை பெற்றவர். இப்போது ஸ்காபரோவில் இருக்கிறார். எங்கள் எழுத்து, அதாவது பதிவாளர் முன் ஒப்பமிடும் திருமணப் பதிவு, 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. விவாகப் பதிவாளரையும் சேர்த்துப் பதினைந்து பேர்கூட இருக்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் திரும்பிவிட்டார். தாலிகட்டு 2025 பெப்ரவரி 3ஆம் திகதி மண்டபத்தில், நானூறு பேருக்கு முன்னால், பொன்னுருக்கு முதல் நாலாஞ்சடங்கு வரை ஒன்றும் குறையாமல் நடந்தது. இடைப்பட்ட ஐந்து மாதங்களில் நான் என்னை மணமானவளாக நினைக்கவும் இல்லை, ஊரில் எவரும் அப்படிச் சொல்லவும் இல்லை.

இப்போது அவர் என்னை ஸ்பொன்சர் செய்யப் போகிறார், அதாவது பொறுப்பேற்றுக் கனடாவுக்கு அழைக்கப் போகிறார். படிவத்தில் திருமண நாளுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் படிவம் நிரப்பிக் கொடுப்பவர், படங்களும் அழைப்பிதழும் பெப்ரவரி திகதியைக் காட்டுவதால் அதையே எழுதச் சொல்கிறார். கணவரின் பெரியம்மா ஆகஸ்ட் என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். நான் அங்கே போய் இருந்துகொண்டு விண்ணப்பிப்பதா, இங்கிருந்தபடியே விண்ணப்பிப்பதா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

ஸ்காபரோ_பழையவர்
2025 ஜூன் 14

தங்கச்சி, உங்கள் பெரியம்மா சொல்வதே சரி. கனடாவுக்கு உங்கள் திருமணம் ஆகஸ்ட் 22ஆம் திகதியே முடிந்துவிட்டது. திருமணம் நடந்த நாட்டின் சட்டத்திலும் கனடாவின் சட்டத்திலும் அது செல்லுபடியாக வேண்டும் என்பதே விதி. இலங்கையில் பதிவாளர் முன் ஒப்பமிட்ட நேரத்திலேயே நீங்கள் சட்டப்படி மனைவி. விவாகப் பதிவு அத்தாட்சிப் பத்திரத்தில் இருக்கும் திகதியும் படிவத்தில் எழுதும் திகதியும் வேறாக இருந்தால், அதிகாரி முதலில் அந்த வேறுபாட்டைத்தான் பார்ப்பார். மண்டபத்தில் இருந்த நானூறு பேரை அதற்குப் பிறகுதான் பார்ப்பார்.

அதற்காகத் தாலிகட்டை மறைக்கவும் வேண்டாம். உறவு பற்றிய கேள்விகள் கேட்கும் ஐஎம்எம் 5532 படிவத்தில், எப்படிச் சந்தித்தீர்கள், யார் அறிமுகப்படுத்தினார்கள், என்ன சடங்குகள் நடந்தன, யார் யார் வந்தார்கள் என்று விரிவாக எழுத இடம் உண்டு. பெப்ரவரியைச் சொல்ல வேண்டிய இடம் அது. யாழ்ப்பாணத்தில் எழுத்து முந்தியும் தாலிகட்டு பிந்தியும் நடக்கும் வழக்கத்தையும், அந்த இடைவெளியில் மணமக்கள் சேர்ந்து வாழ்வதில்லை என்பதையும் ஒரு பத்தியில் விளக்கிவிடுங்கள். இதை நீங்களே சொன்னால் வழக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கண்டுபிடித்தால் முரண்பாடு என்பார்கள்.

உறையூர்க்காரி
2025 ஜூன் 15

நான் திருச்சியிலிருந்து மிசிசாகாவுக்கு 2023இல் இதே வழியில் வந்தவள். எங்கள் பக்கம் வரிசை தலைகீழ்: தாலி முதலில், பதிவு பிறகு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும், தாமதித்தால் கூடுதல் கட்டணத்துடன் 150 நாட்கள் வரை பதியலாம். சான்றிதழில் திருமணம் நடந்த தேதியும் பதிந்த தேதியும் தனித்தனியாக இருக்கும். எனவே எங்களுக்கு உங்கள் சிக்கல் வரவில்லை.

வந்த சிக்கல் பெயரில். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது, அப்பா பெயர் தலைப்பெழுத்தாகக்கூட இல்லை. இதற்காகப் பதறிப்போய் கடவுச்சீட்டை மாற்ற வேண்டியதில்லை. குடும்பப் பெயர் இல்லாதவர்கள் தங்கள் பெயர் முழுவதையும் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதி, இயற்பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்று குடிவரவுத் துறையின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. அங்கே நட்சத்திரக் குறியோ கோடோ போடக் கூடாது. நான் போட்ட ஒரு கோட்டால் இணையப் படிவம் மூன்று மாலைகள் என்னை வாட்டியது.

தென்மராட்சி_மகள்
2025 ஜூன் 15

இருவருக்கும் நன்றி. பழையவர் அண்ணா எழுதியதைப் படித்த பிறகு இரவு தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எழுத்துக்கும் தாலிக்கும் இடையில், 2024 நவம்பரில், கணவரின் தங்கையின் திருமணத்துக்குப் போவதற்காகக் கனடாவுக்கு வருகையாளர் விசா கேட்டிருந்தேன். அந்தப் படிவத்தை நிரப்பிய அதே நபர் என்னை மணமாகாதவள் என்று குறித்தார். குடும்ப விபரப் படிவத்தில் கணவர் இல்லை என்று உறுதிப்படுத்தும் இடத்தில் நானே ஒப்பமிட்டேன். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. கழுத்தில் தாலி இல்லை, எப்படி மணமானவள் என்று எழுதுவது? விசா டிசம்பரில் மறுக்கப்பட்டது. இப்போது திருமண நாள் ஆகஸ்ட் என்று எழுதினால், நவம்பரில் நான் எழுதியது என்ன ஆகும்?

கடற்கரை_வீதி
2025 ஜூன் 15

தேவையில்லாமல் கிளறாதீர்கள். அது வேறு விண்ணப்பம், இது வேறு விண்ணப்பம். மறுத்தது மறுத்ததுதான், ஆறு மாதத்துக்கு முந்திய தாளை எந்த அதிகாரி எடுத்துப் பார்க்கப் போகிறார்? பெப்ரவரி என்று எழுதினால் நவம்பரில் நீங்கள் மணமாகாதவர், எல்லாம் பொருந்திவிடும்.

மார்க்கம்_வாசகி
2025 ஜூன் 15

மேலே உள்ள ஆலோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். நான் சட்டத்தரணி அல்ல. குடிவரவு வழக்குகள் வரும் ஒரு சட்ட அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக எழுதுநராக இருக்கிறேன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எல்லா விண்ணப்பங்களும் ஒரே கணினிக் கோப்பில்தான் இருக்கின்றன. ஜிசிஎம்எஸ் என்று சொல்லும் அந்தக் கோப்பில், உங்கள் பெயருக்கு எதிரே நவம்பர் விண்ணப்பமும் அதன் பதில்களும் அப்படியே நிற்கும். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டி, உங்கள் ஒப்புதல் படிவத்துடன் கணவரே அந்தக் குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம். விண்ணப்பிக்க முன்னர் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், ஏனென்றால் படிவம் நிரப்பிய நபர் உங்கள் பெயரில் உண்மையில் என்னென்ன எழுதினார் என்பது உங்களுக்கே முழுமையாகத் தெரியாமல் இருக்கலாம்.

இரண்டாவது, பெப்ரவரி என்று எழுதினால் எல்லாம் பொருந்திவிடாது. அத்தாட்சிப் பத்திரத்தை இணைத்தே ஆக வேண்டும், அதில் ஆகஸ்ட் இருக்கிறது. நவம்பர்ப் பிழையோடு இன்னொரு பிழையும் சேரும். அது தெரிந்தே செய்ததாகவும் இருக்கும்.

மூன்றாவதுதான் கவனமாகப் படிக்க வேண்டியது. குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, முடிவைப் பாதிக்கக்கூடிய முக்கிய விடயம் ஒன்றில் தவறான தகவல் அளித்தவர் ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் வர முடியாதவராகலாம், அந்தக் காலத்தில் நிரந்தர வதிவிடத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது. ஏமாற்றும் நோக்கம் இருந்ததா என்பது மட்டும் கேள்வி அல்ல. அதிகாரியைத் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றிருக்கக்கூடுமா என்பதே அளவுகோல். வருகையாளர் விசாவில், கனடாவில் கணவர் இருக்கிறார் என்பது நிச்சயமாக முடிவைத் தொடக்கூடிய தகவல். வேறொருவர் நிரப்பினார் என்பதும் பொதுவாகக் காப்பாற்றாது, ஒப்பம் உங்களுடையது.

ஆனால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. நீங்கள் ஆகஸ்ட் திகதியைத் தெளிவாக எழுதி, நவம்பரில் ஏன் அப்படிக் குறிக்கப்பட்டது என்பதைத் தனிக் கடிதமாகத் தானாக முன்வந்து விளக்கினால், அதிகாரி அதை நேர்மையான தவறாக ஏற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. உத்தரவாதம் இல்லை, இடம் இருக்கிறது. ஏற்காவிட்டாலும் முதலில் நியாய நடைமுறைக் கடிதம் ஒன்று அனுப்பி விளக்கம் கேட்பார்கள். இன்னொன்றும் உண்டு: தவறான தகவலைக் காரணம் காட்டி மறுக்கப்பட்ட குடும்ப வகுப்பு (குடும்பத்தினரை அழைக்கும் பிரிவு) விண்ணப்பங்களில் மேன்முறையீடு கிடையாது என்று கூறும் அதே சட்டம், அழைக்கப்படுபவர் ஸ்பொன்சர் செய்பவரின் கணவராகவோ மனைவியாகவோ பிள்ளையாகவோ இருந்தால் மேன்முறையீட்டுக்கு இடம் அளிக்கிறது. 64ஆம் பிரிவை உங்கள் கணவர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். இந்தக் கடிதத்தை மட்டுமாவது கனடாவில் உரிமம் பெற்ற சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு எழுதுங்கள். ஊரில் படிவம் நிரப்புபவரிடம் திரும்பவும் போக வேண்டாம்.

ஸ்காபரோ_பழையவர்
2025 ஜூன் 16

வாசகி சொன்னதோடு என் வீட்டுக் கதை ஒன்றையும் சேர்க்கிறேன். எழுத்து என்ற சொல்லுக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை அது.

என் மைத்துனர் ஊரைவிட்டு வெளிக்கிடும் முன்னர் பெண் வீட்டாரின் மனநிம்மதிக்காக எழுத்தை முடித்திருந்தார். தாலி, வெளிநாட்டில் கால் ஊன்றிய பிறகு. இங்கே அவருடைய அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, 2013இல் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. எல்லாப் படிவத்திலும் தனி ஆள் என்றே எழுதியிருந்தார். உங்களைப் போலவே அவரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. 2015இல் மனைவியை ஸ்பொன்சர் செய்தபோது, அத்தாட்சிப் பத்திரத்தில் இருந்த பழைய திகதியைப் பார்த்து மறுத்துவிட்டார்கள். குடிவரவு ஒழுங்குவிதி 117(9)(டி): ஸ்பொன்சர் செய்பவர் தாம் நிரந்தர வதிவிடம் பெற்ற வேளையில் அறிவிக்காத, அதனால் அதிகாரிகளால் பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினர், குடும்ப வகுப்பில் சேரவே மாட்டார். காலவரையறை எதுவும் இல்லாத விலக்கு அது. மேன்முறையீட்டுக்குப் போனால், குடும்ப வகுப்பில் சேராதவர் என்பதால் மனிதாபிமானக் காரணங்களைக்கூட அங்கே கேட்க மாட்டார்கள்.

2019 செப்டம்பரில்தான் ஒரு கதவு திறந்தது. அகதிகளாகவோ, குடும்ப வகுப்பில் கணவன், மனைவி, பிள்ளை என்றோ வந்தவர்கள் அறிவிக்காமல் விட்ட குடும்பத்தினருக்காக ஒரு தற்காலிகக் கொள்கையைக் கொண்டுவந்தார்கள். அன்று அறிவித்திருந்தாலும் ஸ்பொன்சர் செய்பவருக்கு வதிவிடம் கிடைத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மைத்துனருக்கு அது பொருந்தியது. பெற்றோருடன் தங்கி வாழும் பிள்ளை என்று வந்துவிட்டு, எழுத்தை மறைத்தவர்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் மணமானவர் அந்த வரையறைக்குள் வரவே மாட்டார். மனைவி 2021இல் வந்து இறங்கியபோது எழுத்து முடிந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. விமான நிலையத்தில் மைத்துனர் கூறைச்சேலைப் பெட்டியைக் கையில் வைத்திருந்தார். அது வரையில் தாலி கட்டவில்லை.

உங்கள் கணவர் சிறுவயதில் வந்தவர் என்பதால் இந்த விதி உங்களைத் தொடாது. ஆனால் இந்த இழையைப் படிக்கும் வேறு யாருக்காவது தொடலாம்.

உறையூர்க்காரி
2025 ஜூன் 16

ஒரு கேள்வி. உங்கள் கணவர் கடந்த ஏப்ரலில் 2024ஆம் ஆண்டுக்கான வருமான வரிப் படிவம் கொடுத்திருப்பார் அல்லவா? அதில் டிசம்பர் 31 அன்று இருந்த திருமண நிலையைக் கேட்பார்கள். ஸ்பொன்சர் செய்பவரின் வரி விபரத்தையும் கோப்போடு கேட்கிறார்கள். அதில் என்ன எழுதினார்?

தென்மராட்சி_மகள்
2025 ஜூன் 17

கேட்டேன். அவரும் தனி என்றுதான் எழுதியிருக்கிறார். இங்கே நான் அழ, அங்கே அவர் சிரிக்கிறார்.

மார்க்கம்_வாசகி
2025 ஜூன் 17

சிரிக்கட்டும், ஆனால் இந்த வாரமே திருத்தட்டும். வருமான வரி நிறுவனத்துக்குத் திருமண நிலை மாற்றத்தை ஆர்சி65 படிவத்தாலோ இணையக் கணக்கிலோ அறிவிக்கலாம். மாற்றம் நடந்த மாதத்துக்கு அடுத்த மாத இறுதிக்குள் அறிவிப்பதே முறை. 2024 வரிக் கணக்கையும் திருத்தி அனுப்பலாம். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படும் சலுகைத் தொகை ஏதும் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்திருந்தால் திருப்பிக் கேட்பார்கள். திருத்திய பின் வரும் மதிப்பீட்டு அறிவிப்பைக் கோப்பில் வையுங்கள், விளக்கக் கடிதத்திலும் ஒரு வரி சொல்லுங்கள். நீங்கள் இருவரும் தனித்தனியாக, ஒரே காரணத்துக்காக, ஒரே தவறைச் செய்திருக்கிறீர்கள் என்பது ஒரு வகையில் உங்கள் விளக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது.

உள்ளே இருந்தா வெளியே இருந்தா என்ற கேள்விக்கு: உங்கள் நிலையில் வெளியே இருந்து விண்ணப்பிப்பதே சரி. கனடாவுக்குள் இருப்போருக்கான வகுப்பில் விண்ணப்பித்தால் கணவருடன் அங்கேயே சேர்ந்து வாழ வேண்டும், இடையில் ஊருக்குப் போனால் திரும்ப நுழைய முடியுமா என்ற பயம், மறுத்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகவும் முடியாது. வெளிநாட்டு வகுப்பில் மறுப்பு வந்தால் கணவர் 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அங்கே புதிய சான்றுகளையும் முன்வைக்கலாம். நவம்பர்ப் படிவம் இருக்கும் உங்களைப் போன்றவர் அந்த உரிமையை விட்டுவிடக் கூடாது.

கடற்கரை_வீதி
2025 ஜூன் 17

முன்பு நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 117 பற்றிய கதை எனக்குத் தெரியாது. கட்டணம் எவ்வளவு, வருமானம் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதையும் யாராவது எழுதினால் நல்லது. கணவர் முழுநேர வேலையில் இல்லாவிட்டால் மறுப்பார்கள் என்று ஊரில் பேச்சு.

ஸ்காபரோ_பழையவர்
2025 ஜூன் 17

2024 ஏப்ரல் 30இல் நடைமுறைக்கு வந்த கணக்கு: ஸ்பொன்சர் கட்டணம் 85, விண்ணப்பப் பரிசீலனை 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575, ஆக 1,205 கனேடிய டொலர். கைரேகைக்கு இன்னும் 85. மருத்துவப் பரிசோதனையும் மொழிபெயர்ப்பும் தனி.

மனைவியை அழைக்கக் குறைந்தபட்ச வருமான எல்லை பொதுவாகக் கிடையாது. பெற்றோரை அழைப்பதற்கான விதியை இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் அங்கவீனம் தவிர்ந்த காரணத்துக்காக அரச உதவிப் பணத்தில் இருப்பவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. மனைவி வதிவிடம் பெற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளுக்குக் கணவர் பொறுப்பு. இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. கியூபெக்கில் இருப்பவர்களுக்கு மாகாண அரசின் தனி நடைமுறையும், 2024 ஜூன் முதல் எண்ணிக்கை வரம்பும் உண்டு. ஸ்காபரோவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உறையூர்க்காரி
2025 ஜூன் 18

சான்றுகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. இணைக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலில் படங்கள் அதிகபட்சம் 20 என்றும், உரையாடல் பதிவுகள் அதிகபட்சம் 10 பக்கங்கள் என்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆல்பம் மட்டும் மூன்று. அதிலிருந்து இருபதைப் பொறுக்குவதற்குள் அத்தைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. மேடையில் மாலையோடு நிற்கும் படம் இரண்டு போதும். விறாந்தையில் பதிவாளரின் மேசை தெரியும் படம், விமான நிலையத்தில் வழியனுப்பிய படம், மாமியாருடன் சமையலறையில் நிற்கும் படம் என்று வெவ்வேறு நாட்களைக் காட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், யார் யார் என்று எழுதுங்கள்.

உரையாடலில் நான் செய்த தவறு இது: நாங்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள். பத்துப் பக்கத்தை அப்படியே அச்சடித்து வைத்தேன். படிக்கும் அதிகாரிக்கு அது தமிழும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. மொழிபெயர்ப்பு இல்லை என்று திருப்பிக் கேட்டார்கள். நாங்கள் "சாப்ட்டியா" என்று மட்டும் நாற்பத்தொரு முறை கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் தெரிந்தது. மொழிபெயர்ப்பைக் குடும்பத்தில் யாரும் செய்யக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மார்க்கம்_வாசகி
2025 ஜூன் 18

நல்ல குறிப்பு. ஏற்பாட்டுத் திருமணங்களில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு கோப்பில், சாதகத்தை முதலில் கொண்டுவந்தவர் தரகர் என்று பெண்ணும், சித்தி என்று மாப்பிள்ளையும் எழுதியிருந்தார்கள். இரண்டும் உண்மை, தரகர் சித்தியிடம் கொடுத்தார், சித்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இந்த ஒரு வரிக்காக நேர்முகம் வரை போனது. 2010 செப்டம்பர் 30 முதல், உறவு உண்மையானதல்ல என்றாலோ, குடிவரவுச் சலுகைக்காகவே முதன்மையாகச் செய்யப்பட்டது என்றாலோ, இரண்டில் ஒன்றே மறுக்கப் போதும். ஆகவே கணவனும் மனைவியும் ஒரே கதையை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் செய்தால் அது வேறு விதமாகத் தெரிந்துவிடும். யார், யாரிடம், எப்போது என்ற ஒழுங்கை ஒருமுறை இருந்து பேசி நினைவுபடுத்திக்கொண்டு எழுதுங்கள்.

பொலிஸ் சான்றிதழ்: 18 வயதுக்குப் பின், கடந்த பத்து ஆண்டுகளில், தொடர்ந்து ஆறு மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளுக்கெல்லாம் வேண்டும். நீங்கள் இலங்கைக்கு வெளியே எங்காவது இருந்தீர்களா?

தென்மராட்சி_மகள்
2025 ஜூன் 21

சென்னையில் இரண்டு ஆண்டுகள் படித்தேன். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் அதற்கு விசாரித்துவிட்டேன். கோப்புக் குறிப்புகளுக்குக் கணவர் 5 டொலர் கட்டிவிட்டார். சட்டத்தரணி ஒருவரையும் பார்த்திருக்கிறார். அவரும் வாசகி அக்கா சொன்ன ஒழுங்கையே சொன்னாராம்.

விளக்கக் கடிதத்துக்கு நான் தமிழில் எழுதிக் கொடுத்த பகுதி இது:

"எங்கள் சமூகத்தில் பதிவாளர் முன் ஒப்பமிடுவதை எழுத்து என்போம். எங்கள் எழுத்து 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி நடந்தது. தாலி கட்டும் வரை மணமகள் பெற்றோர் வீட்டிலேயே இருப்பாள். அவளை எவரும் மனைவி என்று அழைப்பதில்லை. 2024 நவம்பரில் நான் விசாவுக்கு விண்ணப்பித்தபோது இந்த வழக்கத்தை வைத்தே மணமாகாதவள் என்று குறிக்கப்பட்டதை ஏற்று ஒப்பமிட்டேன். சட்டப்படி அது பிழை என்பதை இப்போது அறிகிறேன். ஒப்பம் என்னுடையது, பிழையும் என்னுடையது. 2025 பெப்ரவரி 3ஆம் திகதி தாலி கட்டப்பட்டது. நாலாஞ்சடங்கு முடிந்த பிறகு, கணவர் கனடா திரும்பும் வரை மூன்று வாரங்கள் நாங்கள் ஒன்றாக வாழ்ந்தோம்."

மொழிபெயர்ப்பாளர் கொடுத்த ஆங்கிலப் பிரதியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். யாராவது ஒருமுறை பார்த்துத் தந்தால் திங்கட்கிழமை சட்டத்தரணிக்கு அனுப்பிவிடுவோம்.

மார்க்கம்_வாசகி
2025 ஜூன் 22

பார்த்தேன். தமிழ் அப்படியே இருக்கட்டும், ஒரு சொல்லையும் தொட வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்லைத் திருத்த வேண்டும்: எழுத்து வரும் இரண்டு இடங்களிலும் மொழிபெயர்ப்பாளர் நிச்சயதார்த்தத்துக்கான சொல்லைப் போட்டிருக்கிறார். அப்படியே போனால் ஆகஸ்டில் திருமணமே நடக்கவில்லை என்று நீங்களே சொன்னதாகிவிடும். சட்டப்படியான திருமணப் பதிவு என்ற பொருளில் மாற்றி, புதிதாக ஒப்பமிட்ட சத்தியக் கடதாசியுடன் திரும்பத் தரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு அனுப்புங்கள்.